ஆறடி வளர்ந்தும் பூக்காத பன்னீர் ரோஜா

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவிலிருந்து பன்னீர் ரோஜாக் குச்சி வாங்கிவந்து நட்டோம். இரண்டாம் வருஷக் கோடையில் பதினைந்து பூ வந்தது. வாசம் வாசல்வரை அடித்தது. அதற்குப் பிறகு, எல்லோரும் சொல்கிறார்களே என்று, ஒவ்வொரு ஜனவரியிலும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். யூரியாவும் போடுகிறேன். செடி ஆறடி எழும்புகிறது, பூ மட்டும் இல்லை. கோடையில் வருகிற ஒன்றிரண்டு மொட்டும் விரியாமல் பழுப்பாகிவிடுகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?"

பிடுங்க வேண்டாம். உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. வரவேண்டிய பூவையெல்லாம் ஜனவரியில் நீங்களே வெட்டிப் போட்டுவிடுகிறீர்கள்.

நம் மலையில் ஜனவரிக் கவாத்து ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காரணம் ஊட்டி ரோஜா பூங்கா. நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995இல் அமைந்த அந்தப் பூங்காவில், மே மாத சீசனுக்குப் பூ வேண்டுமென்று ஜனவரி வாக்கில் கவாத்து செய்கிறார்கள். அங்கே பெரும்பாலும் இருக்கிற கலப்பின ரோஜாக்களுக்கு அது சரியான முறை. அவை வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிரின் நுனியிலேயே பூக்கும். ஆனால் நாம் பன்னீர் ரோஜா என்று சொல்லும் பழைய டமாஸ்க் வகைகளில் பல, போன வருஷம் வளர்ந்து முற்றிய தண்டிலிருந்து கிளம்பும் சிறு கிளைகளில்தான் பூக்கும், அதுவும் வருஷத்துக்கு ஒரே தடவை. ஜூனிலிருந்து நவம்பர்வரை செடி சேர்த்துவைத்த தண்டை ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் கோடைக்கு என்ன மிஞ்சும்? இரண்டாம் வருஷம் பதினைந்து பூ வந்ததே, அதற்கு முன்பு நீங்கள் கத்தரியே எடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

பன்னீர் ரோஜா என்ற பெயரில் நம்மூரில் குறைந்தது இரண்டு செடிகள் நடமாடுகின்றன. ஒன்று இந்த டமாஸ்க். இன்னொன்று எட்வர்ட் ரோஜா. இது அன்று போர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில், டமாஸ்க்கும் சீன ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்தது. சீன ரோஜாவின் ரத்தம் இருப்பதால் எட்வர்ட் வருஷத்தில் பல தடவை பூக்கும். ஜனவரியில் வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. உங்களுடையது கோடையில் மட்டும் பூப்பதால் டமாஸ்க் என்றே நினைக்கிறேன். தண்டைப் பாருங்கள். பெரிய முள்ளும் ஊசி போன்ற பொடி முள்ளும் நெருக்கமாகக் கலந்து, இலை சாம்பல் பூத்த பச்சையாக, அடிப்பக்கம் தடவினால் மெத்தென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி கத்தரியை ஜூனில் எடுங்கள், பூ ஓய்ந்த பிறகு. பூத்து முடிந்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். மூன்று நான்கு வயதாகி மரமாகிவிட்ட தண்டு ஒன்றிரண்டை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். குச்சியிலிருந்து வந்த செடி என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒட்டுச் செடியில் மண்ணுக்கு அடியிலிருந்து கிளம்பும் தளிர் காட்டு ரோஜாவாக இருக்கும், அதை அகற்றியே ஆக வேண்டும். உங்கள் செடியில் அடியிலிருந்து எது வந்தாலும் அதே பன்னீர் ரோஜாதான். விட்டுவிடுங்கள், புதர் பெருக்கட்டும்.

ஆறடித் தண்டை என்ன செய்வது என்கிறீர்களா? வளையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நெட்டுக்குத்தாக நிற்கிற தண்டில் நுனி மொட்டு கீழே இருக்கிற கணுக்களை எழவிடாது. அதே தண்டைப் படுக்கைவசமாக வளைத்துக் கட்டினால் அந்தப் பிடி தளர்ந்து, வரிசையாக ஒவ்வொரு கணுவும் விழித்துக்கொள்ளும். டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்ததும், தண்டு ஈரப்பசையோடு இருக்கும் ஒரு காலைப் பொழுதில் செய்யுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் இழுக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை நடுவிலும் வைத்து மெதுவாக வில்லாக வளைத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முளைக்குச்சியோடு சணலால் கட்டுங்கள். எங்கள் வீட்டில் கிணற்றடியை ஒட்டிய செடியில் இப்படி ஐந்து தண்டுகளை வளைத்தேன். மார்ச்சில் பார்த்தபோது கணுவுக்குக் கணு விரல்நீளக் கிளை; ஏப்ரலில் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று நான்கு மொட்டு.

அடுத்தது, விரியாத மொட்டு. கோடை மழையில் வெளி இதழ்கள் ஊறிப்போகும். மறுநாள் வெயில் பட்டதும் காய்ந்து காகிதம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற பூ வெளியே வர வழியில்லாமல் அழுகுகிறது. பழுப்பான வெளி இதழை நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே ஈரமில்லாத, வாசம் மாறாத ரோஜா நிறம் தெரிந்தால் அந்தப் பூ பிழைத்துவிடும். சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் மொட்டைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், செடியடியில் போடாதீர்கள்.

இது வருவதற்குப் பாதிக் காரணம் இடம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் கிழக்கே சில்வர் ஓக் வரிசை நிற்கும். காலை வெயிலை அது மறைத்தால் இரவுப் பனி பத்து மணிவரை இலையிலேயே நிற்கும். கரும்புள்ளி நோய்க்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தாலே போதும். மலைக் குளிர் ரோஜாவுக்கு ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் எதிரி. ஓக்கின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, காலை வெயில் ஐந்து மணி நேரமாவது விழும்படி செய்யுங்கள். முடியாதென்றால் அடுத்த ஜூன் கவாத்தில் விழும் தண்டிலிருந்து குச்சி எடுத்து, வெயில் படும் இடத்தில் நடுங்கள். செடிக்குச் செடி நாலடியாவது விடுங்கள், காற்று புக வேண்டும்.

யூரியாவை நிறுத்துங்கள். தழைதான் வரும், தளிரில் சாம்பல் நோயும் அசுவினியும் சேர்ந்து வரும். நம் மலை மண் புளிப்பு மண். ரோஜா கேட்பது கார அமில நிலை 6 முதல் 6.5 வரை. மண் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் அதில் சொல்கிற அளவு டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவிக் கொத்திவிடுங்கள். அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு கூடை மக்கிய தொழுவுரம், இரண்டு கைப்பிடி எலும்புத்தூள். டோலமைட்டையும் தொழுவுரத்தையும் ஒரே நாளில் கலந்தால் உரத்தின் சத்து ஆவியாகிவிடும். புது இடத்துக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி எடுங்கள்.

ஜூன் கவாத்து முடிந்ததும் வெட்டுவாயில் மட்டும் ஒரு சத போர்டோ கலவை தடவுங்கள். மழைக்காலத்தில் வெட்டுவாய் வழியாகத்தான் நுனிக்கருகல் இறங்கும். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

வாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இதழில் இருக்கிற எண்ணெய். வெயில் ஏற ஏறப் பறந்துவிடும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்கள் விடியலிலேயே இதழ் பறிப்பது இதனால்தான். ஒரு கிலோ தைலத்துக்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும் என்றால் ஒரு பூவில் இருப்பது எத்தனை சொற்பம் என்று பாருங்கள். மாமியாருக்குப் பூஜைக்கு வேண்டுமானால் பாதி விரிந்த பூவை ஏழு மணிக்கு முன்னால் பறித்துக் கொடுங்கள். மூடுபனி அடைத்த நாளில் வாசம் குறைவாகத் தெரிவதைப் பார்த்துச் செடியைக் குறை சொல்ல வேண்டாம். குளிரில் எண்ணெய் எழும்பாது, பூவை உள்ளங்கையில் சற்று வைத்திருந்து முகர்ந்தால் தெரியும்.

இன்னொன்று, கோத்தகிரியில் காட்டெருமை தோட்டத்துக்குள் வந்துபோவது வழக்கம். இளந்தளிர் அதற்குப் பிடிக்கும். வளைத்துக் கட்டிய தண்டு அதன் வாய்க்கு இன்னும் வசதி. மார்ச்சில் மொட்டுக் கிளைகள் எழும் முன்பே வேலியைச் சரிபார்த்துவிடுங்கள்.