குடும்ப சாசனம் செல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: படுக்கை விரிப்பும் துண்டும் ஏற்றுமதி செய்யும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை அப்பா தொடங்கினார். இப்போது அண்ணன், நான், தம்பி ஆகிய மூவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு இயக்குநர்களாக இருக்கிறோம். அண்ணன் மகனும் தம்பி மகனும் வேலைக்கு வந்துவிட்டார்கள். என் பிள்ளைகள் வரவில்லை. சம்பளம், பங்கு விற்பனை எல்லாவற்றையும் ‘குடும்ப சாசனம்’ ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்கிறார் ஆலோசகர். அது செல்லுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: எழுதுவது நல்லதுதான், ஆனால் அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பலம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை குடும்பம் கூடுவது, பிள்ளைகள் வெளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது போன்றவை நீங்களே மதித்து நடக்க வேண்டிய ஏற்பாடுகள். பங்கு விற்பனை அப்படியல்ல. 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கில், இரு சகோதரர்களின் குடும்பங்கள் ஒரு நிறுவனத்தைச் சமபங்காக வைத்திருந்தன. ஒரு கிளையில் எவரேனும் பங்கை விற்றால் அந்தக் கிளையினருக்கே முதலில் தர வேண்டும் என்று வாய்ப்பேச்சாக ஓர் உடன்பாடும் இருந்தது. பின்னர் ஒருவர் தம் பங்கை மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். ‘ஆர்ட்டிக்கிள்ஸ்’ எனப்படும் நிறுவன விதிகளில் அப்படியொரு கட்டுப்பாடு இல்லாததால், அந்த உடன்பாடு நிறுவனத்தையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பங்கு தொடர்பான எதையும் சாசனத்தோடு நிறுத்திவிடாமல் நிறுவன விதிகளிலும் ஏற்றிவிடுங்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. விதிகளைத் திருத்துவதற்கான சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர் வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். மூவரும் வாக்களித்தால் இருவர் மட்டும் சேர்ந்து அதை நிறைவேற்ற முடியாது. ஆனால் ஓர் இயக்குநரை நீக்க 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 169-ஆம் பிரிவின்படி சாதாரணப் பெரும்பான்மையே போதும். அண்ணனும் தம்பியும் ஒரு பக்கம் நின்றால் உங்கள் பதவி போய்விடக்கூடும். ஒவ்வொரு கிளையும் ஓர் இயக்குநரை முன்மொழியலாம் என்று விதிகளில் இருந்தால், உங்கள் இடத்துக்கு உங்கள் கிளையிலிருந்தே ஒருவர் வர வழியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லாத கவலை சம்பளம்தான் என்று நினைக்கிறேன். நான் பார்த்த ஒரு குடும்பத்தின் பேரேட்டில் ‘வீட்டுச் செலவு’ என்ற தலைப்பின்கீழ் மூத்தவர் வீட்டு மளிகை, இளையவர் மகளின் கல்லூரிக் கட்டணம், கார் டயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. யார் எவ்வளவு எடுத்தார் என்று பிரித்துக் கூட்டவே ஒரு வாரம் ஆனது. கூட்டி முடித்தபின் அந்த வீட்டுத் தீபாவளி முன்பு போல இல்லை. வேலை செய்பவருக்கு, அதே வேலைக்கு வெளியாள் ஒருவருக்கு என்ன கொடுப்போமோ அந்தச் சம்பளம். பங்கு வைத்திருப்பவருக்கு லாபத்திலிருந்து பங்கிடும் டிவிடெண்ட். இரண்டையும் கலக்கவே கூடாது. லாபம் முழுவதும் சம்பளமாகவும் புதிய தறிகளாகவும் போய்விட்டால், பிள்ளைகளை அனுப்பாத உங்கள் கிளைக்குக் காகிதத்தில் மட்டுமே சொத்து இருக்கும். வங்கித் தவணை போக மீதமுள்ள நிகர லாபத்தில் இத்தனை சதவீதம் ஆண்டுதோறும் பங்கிடப்படும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

பிரிய நேர்ந்தால் பங்குக்கு என்ன விலை என்பதையும் உறவு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம், 2020 டிசம்பரில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்து, எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்தியதோ அதன் உரிமை அந்தக் கிளைக்கே என்று பிரித்துக்கொண்டது. அவர்களிடம் பிரிக்கப் பல நிறுவனங்கள் இருந்தன. உங்களிடம் இருப்பது ஒன்று. எனவே மதிப்பீட்டாளரை யார் நியமிப்பது, பணத்தை எத்தனை தவணையில் தருவது என்பவை விதிகளிலேயே இருக்கட்டும்.

கேள்வி: உயில் எழுதாமல் அப்பா காலமானார். அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிறுவனப் பங்குகளுக்கு அண்ணன்தான் நாமினி. எல்லாம் தனக்கே என்கிறார். நான் பங்கும் இயக்குநர் பதவியும் கேட்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பங்கைத் தாராளமாகக் கேட்கலாம். நாமினி பங்குகளின் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அம்மா, அண்ணன், நீங்கள், அப்பாவின் அம்மா இருந்தால் அவரும், சமமான வாரிசுகள். திருமணமாகிவிட்டது என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல.

இயக்குநர் பதவி வேறு விஷயம். பங்கு வாரிசாக வரும். பதவி வாக்கால்தான் வரும். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-இல் மறைந்தபின், அவருடைய மனைவியும் இரு மகள்களும் குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் எட்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்குகளை வைத்திருந்தனர். மூத்த மகளை இயக்குநராக்கும் தீர்மானம் 2020-இல் வாக்கெடுப்பில் தோற்றது. 2023-இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது. அத்தனை பெரிய வீட்டிலேயே மகள்களின் இடம் முன்கூட்டியே வகுக்கப்படவில்லையே என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது. முதலில் பங்குகளை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு உங்கள் கையில் இருந்தால், நிர்வாகம் உங்களை ஒடுக்கும்போது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நீங்களே அணுகலாம்.

கேள்வி: அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் பங்குதாரர்களாக அரிசி மண்டி நடத்தினார்கள். அப்பா இறந்துவிட்டார். ஒரு பங்குதாரர் இறந்தால் அவர் மகன் அந்த இடத்துக்கு வருவார் என்று பத்திரத்தில் உள்ளது. நான் இப்போது பங்குதாரர்தானே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. இருவர் மட்டுமே உள்ள கூட்டு நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்) ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த நிறுவனம் அன்றே கலைந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொன்ன நிலை இது. சித்தப்பா சம்மதித்தால் இருவரும் புதிய பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அதுவரை கணக்குத் தீர்க்காமல் அவர் மண்டியை நடத்தினால், அப்பாவின் பங்கைக் கொண்டு ஈட்டிய லாபத்தையோ, அந்தப் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். அப்பா இறந்த நாளன்று இருந்த சரக்கிருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் இப்போதே பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.