டொராண்டோ ராப்டர்ஸ் 2019இல் கோப்பை வென்றது ஒரே ஒரு வீரர் பரிமாற்றத்தின் அதிர்ஷ்டமா?

உங்கள் கேள்வியில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு டொராண்டோ ராப்டர்ஸ் அணி வட அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் கோப்பையை வென்றது, கவாய் லெனர்டை ஓராண்டுக்கு வாங்கியதால் அடித்த அதிர்ஷ்டம் என்கிறீர்கள். அவர் ஒரே பருவத்தில் விலகிவிட்டதால், அவருக்காக டிமார் டிரோசனைக் கொடுத்தது கடைசியில் நட்டம்தானே என்றும் கேட்கிறீர்கள். ஸ்கார்பரோவில் குடியிருந்து அந்த அணியின் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் தொடர்ந்து பார்த்து வருபவன் நான். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு, 2018 கோடையிலிருந்து ஐந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

2013இல் அணியின் பொறுப்பை ஏற்ற மசாய் உஜிரி முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஆண்ட்ரியா பார்னியானியை நியூயார்க் நிக்ஸ் அணிக்கு அனுப்பியது. புதிய வீரர்களை அணிகள் வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2006இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதற்கேற்ற ஆட்டத்தை டொராண்டோவில் காட்ட முடியாமல் போனவர் அவர். அவருக்கு ஈடாகக் கிடைத்தவற்றுள் 2016ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றும் இருந்தது. அது ஒன்பதாவது இடமாக அமைந்து, ஆஸ்திரியாவைச் சேர்ந்த யாக்கோப் பெல்ட்டல் வந்து சேர்ந்தார். லெனர்டுக்காக டிரோசனுடன், லெனர்டின் அப்போதைய அணியான சான் அன்டோனியோவுக்குச் சென்ற இளைஞர் இவரேதான். 2015இல் கிரேவிஸ் வாஸ்கெஸ் மில்வாக்கிக்குப் போனார். மாற்றாக அந்த ஆண்டு 46ஆவது இடத்தில் தேர்வான நார்மன் பவலும், 2017ஆம் ஆண்டுக்கான ஒரு முதல் சுற்று உரிமையும் வந்தன. அந்த உரிமையில் 23ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் ஓஜி அனுனோபி. அணியின் சொந்த உரிமையில், 2016இல் 27ஆவது இடத்தில், கேமரூனின் பாஸ்கல் சியாக்கம் கிடைத்தார். அதே டிராஃப்டில் இரண்டு சுற்றுகளிலும் எந்த அணியும் பெயர் சொல்லாத ஃபிரெட் வான்விலீட்டை, கோடைக்காலப் பயிற்சி ஆட்டங்களின் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள்.

என்பிஏவில், பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்கே முதல் 14 தேர்வுகள் குலுக்கல் முறையில் போய்ச் சேரும். நட்சத்திரம் வேண்டுமானால் சில ஆண்டுகள் தோற்றுக் கிடந்து அந்த இடங்களைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே பரவலாக நிலவும் எண்ணம். கோப்பையைத் தூக்கிய ராப்டர்ஸ் அணியிலோ அந்த முதல் 14 இடங்களுக்குள் தேர்வானவர் ஒருவர்கூட இல்லை. லெனர்ட் 15, கைல் லவ்ரி 24, செர்ஜ் இபாக்கா 24, டேனி கிரீன் 46, மார்க் கசோல் 48. குலுக்கல் முறை வந்த பிறகு இப்படி அமைந்த அணி கோப்பை வென்றது அதுவே முதல் முறை. அதிர்ஷ்டம் என்ற ஒற்றைச் சொல்லில் இத்தனை ஆண்டு உழைப்பையும் அடக்கிவிடுவதை நான் ஏற்க மறுப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

இனி டிரோசன் விவகாரம். 2009இல் ஒன்பதாவது இடத்தில் தேர்வாகி, 2010இல் கிறிஸ் பாஷ் விலகிச் சென்றபோது, கவலை வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊருக்கு வெளிப்படையாக வாக்குக் கொடுத்தவர் அவர். பெரிய வீரர்கள் தங்க விரும்பாத ஊர் என்று பெயர் எடுத்திருந்த டொராண்டோவில், 2016இல் ஒப்பந்தம் முடிந்தபோதும் வேறு எந்த அணியையும் சந்திக்காமல் மீண்டும் கையெழுத்திட்டார். அன்றைய நிலையில் அணியின் வரலாற்றில் அவரைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் கிடையாது. என் அக்காவின் மகன் முதன்முதலில் ஆசைப்பட்டு வாங்கிய சட்டையே அவருடைய 10ஆம் எண் சட்டைதான். 2018 ஜூலை 18 அன்று செய்தி வந்தபோது அவன் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, இனி இந்த அணியைப் பார்க்கமாட்டேன் என்று சொன்னான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பரிமாற்றம் நடக்காது என்றே நம்பியிருந்ததாக டிரோசன் வெளிப்படுத்தினார். உஜிரியும் பின்னர் செய்தியாளர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவரைக் கொடுத்த முடிவு சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் கொடுத்த விதம் சரியில்லை.

முடிவு ஏன் சரி? லவ்ரியும் டிரோசனும் தலைமையேற்ற அணியை 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பிளேஆஃபிலிருந்து வெளியேற்றியது லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்ட். கடைசி இரண்டு முறை ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் 4-0. அதிலும் 2018இல் ராப்டர்ஸ் 59 வெற்றிகளுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. அந்தத் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் ட்வேன் கேசி நீக்கப்பட்டார். அடுத்த மாதமே அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய உதவியாளர் நிக் நர்ஸ் பொறுப்பேற்றார். அதே கோடையில் லெப்ரான் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போய்விட, கிழக்கின் வாசல் பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது. மறுபுறம், 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரரான லெனர்ட், தொடைக் காயத்தால் முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே ஆடி, சான் அன்டோனியோவுடன் மனக்கசப்பில் இருந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமிருந்தது. உடல் தேறுமா என்பதும் தெரியாது, தங்குவாரா என்பதும் தெரியாது. இந்த இரண்டு ஐயங்கள்தாம் அவருடைய விலையைக் குறைத்தன.

அந்த விலையைக் கவனியுங்கள். டிரோசன், பெல்ட்டல், 2019ஆம் ஆண்டின் ஒரு முதல் சுற்று உரிமை. அந்த உரிமையும் முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் கைமாறாது என்ற பாதுகாப்புடன். அது கடைசியில் 29ஆவது இடமாகி, கெல்டன் ஜான்சனாக சான் அன்டோனியோவுக்குப் போனது. இவற்றுக்கு மாற்றாக லெனர்டோடு டேனி கிரீனும் வந்தார். சியாக்கமும் அனுனோபியும் வான்விலீட்டும் டொராண்டோவிலேயே இருந்தார்கள். லெனர்ட் அடுத்த கோடையில் போய்விட்டாலும் அணி நிலைகுலையாது என்பதற்கான ஏற்பாடு, பரிமாற்றம் நடந்த அன்றே செய்யப்பட்டிருந்தது.

பருவத்தின் நடுப்பகுதியை விரிவாகச் சொல்லப் போவதில்லை. லெனர்டின் உடலைக் காப்பதற்காக 22 ஆட்டங்களில் அவரை ஓய்வில் வைத்தார்கள். அந்த 22இல் 17ஐ மற்றவர்களே வென்றார்கள். முந்தைய ஆண்டு ஆட்டத்துக்கு 7.3 புள்ளிகள் எடுத்த சியாக்கம் 16.9க்கு உயர்ந்து, மிக அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதைப் பெற்றார். 58 வெற்றிகள், 24 தோல்விகள், கிழக்கில் இரண்டாமிடம்.

ஆனால் பிப்ரவரி 7 அன்று நடந்த பரிமாற்றத்தைத் தாண்டிப் போக முடியாது. லெனர்டின் நிழலில் அது மறைந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். யோனாஸ் வாலன்சியூனஸ், டெலான் ரைட், சி.ஜே. மைல்ஸ் ஆகிய மூவரோடு 2024ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றையும் மெம்பிஸுக்குக் கொடுத்து, 34 வயதான மார்க் கசோலை வாங்கினார்கள். வாலன்சியூனஸ் இளையவர், புள்ளிகளும் அதிகம் எடுப்பவர். எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அது விளங்கவில்லை. பிளேஆஃபில் விளங்கியது. முதல் சுற்றில், பருவம் முழுவதும் ஆட்டத்துக்கு 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்திருந்த ஆர்லாண்டோவின் நிகோலா வுச்செவிச், கசோலின் எதிரே ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிப் போனார். உயரமாகக் குதிக்காமல், வேகமாக ஓடாமல், எதிராளி பந்தை வாங்குமுன்பே அவர் நிற்க விரும்பும் இடத்தில் தாம் போய் நின்றுவிடுவதுதான் கசோலின் தடுப்பாட்டம். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே தோற்று, லவ்ரி ஒரு புள்ளியும் எடுக்காமல் வெளியேறிய பிறகு, ராப்டர்ஸ் அடுத்த நான்கையும் வென்றது.

இரண்டாம் சுற்றில் ஃபிலடெல்ஃபியா. தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் 2019 மே 12 அன்று. நீங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது இந்த ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் லெனர்ட் தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் (யாரும் தடுக்காத வீச்சுகளில்) ஒன்றைத் தவறவிட, ஜிம்மி பட்லர் விரைந்து சென்று 90-90 என்று சமன் செய்தார். மீதமிருந்தது 4.2 வினாடி. கசோல் பக்கவாட்டிலிருந்து பந்தைக் கொடுத்தார். லெனர்ட் மூன்று புள்ளி வளைவை ஒட்டி வலப்பக்க மூலை வரை ஓடினார். பென் சிம்மன்ஸ் பின்தங்க, ஏழடி உயர ஜோயல் எம்பீட் கையை நீட்டிக்கொண்டு கூடவே வந்தார். அந்தக் கைக்கு மேலே போக வேண்டியிருந்ததால் பந்து வழக்கத்தைவிட உயரமாக எழும்பியது. ஆட்டம் முடிந்த ஒலி எழுந்த பிறகு பந்து வளையத்தில் விழுந்து, நான்கு முறை துள்ளி, உள்ளே இறங்கியது. 92-90. எங்கள் வீட்டில் கூடியிருந்தவர்களில் யாரும் முதல் இரண்டு துள்ளல்கள் வரை மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை. நான்காவதுக்குப் பிறகு மேல் மாடியில் இருந்த குடும்பம் தரையில் குதித்த சத்தம் எங்கள் கூரையில் கேட்டது. ஏழாவது ஆட்டம் ஒன்று கடைசி ஒலியோடு சேர்ந்த வீச்சில் முடிவானது என்பிஏ வரலாற்றில் அதுவே முதல் முறை. 2001இல் இதே ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக, இதே ஏழாவது ஆட்டத்தில், வின்ஸ் கார்ட்டரின் கடைசி வீச்சு தவறியதைப் பார்த்த மூத்த ரசிகர்களுக்கு அந்த இரவின் கனம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

அந்தத் துள்ளலில் அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீச்சு போகாதிருந்தால் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம்தான், ராப்டர்ஸ் தோற்றிருக்காது. அந்த இரவில் 39 முறை வீசி 41 புள்ளிகள் எடுத்த வீரர் களத்தில் இருந்ததும் அதிர்ஷ்டமல்ல.

அடுத்து வந்த மில்வாக்கி தொடர்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான யானிஸ் அண்டெட்டகுன்போவின் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் நர்ஸ் லெனர்டையே யானிஸுக்கு எதிராக நிறுத்தினார். இரண்டு கூடுதல் நேரங்கள் நீண்ட அந்த ஆட்டத்தை ராப்டர்ஸ் 118-112 என்று பிடித்தது. நான்காவதில் லெனர்ட் களைத்திருந்தார். அன்று பவல் 18, இபாக்கா 17, வான்விலீட் 13 என்று மாற்று வீரர்களே ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஐந்தாவதில், நான்காவதுக்கு முன்பு வரை வீச்சே சரியாக வராதிருந்த வான்விலீட், சில நாட்களுக்கு முன் மகன் பிறந்த பூரிப்போடு, மூன்று புள்ளி வீச்சுகள் ஏழைப் போட்டார். ஆறாவதில் 15 புள்ளிகள் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து 100-94. இந்த மூன்று ஆட்டங்களில் பங்களித்தவர்களின் பெயர்களை மேலே நான் சொன்ன டிராஃப்ட் வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள்.

இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் காயங்களால் நலிந்திருந்தது உண்மை. கெவின் டுரண்ட் ஐந்தாவது ஆட்டத்துக்குத்தான் வந்தார். குதிகால் தசைநாண் அறுந்து அப்போதே வெளியேறினார். ஆறாவதில் கிளே தாம்ப்சனின் முழங்கால் போனது. இதை ராப்டர்ஸ் ரசிகர்கள் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காயங்களுக்கு நடுவிலும் அந்த அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி களத்தில் இருந்தார். அவரை ஒருவர் நிழல்போலத் தொடர, மற்ற நால்வரும் பகுதி பிரித்துக் காக்கும், பள்ளிக்கூட ஆட்டங்களில் மட்டும் காணக்கூடிய ஒரு தடுப்பு முறையை நர்ஸ் துணிந்து பயன்படுத்தினார். தொடர்ந்து ஒட்டிக்கொண்டவர் வான்விலீட். ஜூன் 13 அன்று ஓக்லண்டில் நடந்த ஆறாவது ஆட்டம் 114-110 என்று முடிந்தது. லவ்ரி முதல் கால்பகுதியிலேயே 15 புள்ளிகள் எடுத்தார். கடைசிக் கால்பகுதியில் வான்விலீட் 12. சியாக்கம் 26, லெனர்ட் 22. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி கோப்பையை வென்றது அன்றுதான்.

பிறகு ஜூலையில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார், கிரீன் லேக்கர்ஸுக்குப் போனார். நட்டம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் இருவரும் இல்லாத அடுத்த பருவத்தில் ராப்டர்ஸ் 53 வென்று 19 மட்டுமே தோற்றது. வெற்றி விகிதத்தில் அணியின் வரலாற்றிலேயே அதுதான் மிகச் சிறந்த பருவம். நர்ஸுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் வீழ்ந்தார்கள். நட்டம் வந்தது அதற்குப் பின்னர், வேறு முடிவுகளால்: வான்விலீட் 2023இல் ஈடாக எதுவும் கிடைக்காமல் ஹூஸ்டனுக்குப் போனார், அதே ஆண்டு பிப்ரவரியில், முன்பு கொடுத்த அதே பெல்ட்டலைத் திரும்ப வாங்குவதற்காக ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்தார்கள், அது 2024இல் எட்டாவது இடமாகிப் போனது. டொராண்டோவின் கணக்கில் குறை சொல்ல வேண்டுமென்றால் 2018ஐ விட்டுவிட்டு இந்த 2023ஐத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.