ஜூன் கடைசியில் நார்வே வருகிறோம். மியோசா ஏரியில் பிள்ளைகளோடு குளிக்க முடியுமா?

ஜூன் கடைசி வாரம் ஏரிக்கரை ஊரான ஹாமரில் தங்குகிறோம், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் நீச்சல் தெரியும், ஏரியில் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறக்கலாம். ஆனால் கரையோரமாக, பிள்ளைகளுக்கு நிலைக்கிற ஆழத்தில், கொஞ்ச நேரம் மட்டும். மணிக்கணக்காக நீந்தி விளையாட வேண்டும் என்றால் அந்த வாரத்துக்கு மியோசாவை நம்பாதீர்கள். பயணத்தை ஜூலை கடைசிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள சின்னக் காட்டு ஏரி ஒன்றைத் தேடிப் போங்கள். இந்த ஏரிக்கரையில் குடியிருந்து கோடை முழுக்க இதில் நீந்துகிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நார்வேயிலேயே பெரிய ஏரி இது. நீளம் 117 கிலோமீட்டர். குளிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நீளத்தை அல்ல, ஆழத்தை. ஆழமான இடத்தில் கிட்டத்தட்ட 450 மீட்டர். ஏரியின் மேல்மட்டம் கடலை விட 120 மீட்டர் சொச்சம்தான் உயரம், அப்படியென்றால் அடித்தரை கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பனியுகத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளம். அந்த ஆழத்தில் எந்த மாதம் போனாலும் தண்ணீர் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். வசந்தத்தில் வெயில் பட்டு மேல் தண்ணீர் 2, 3 டிகிரிக்கு ஏறும்போது அது கனம் கூடிக் கீழே இறங்கிவிடும். கீழே இருப்பது மேலே வரும். இப்படிப் புரண்டு புரண்டு மொத்தமும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேலே சூடான அடுக்கு நிலைக்கத் தொடங்கும். சின்ன ஏரியில் இது சீக்கிரமே முடிந்துவிடும், மே மாதத்திலேயே மேல் தண்ணீர் இதமாகிவிடும். மியோசாவில் நடு ஏரிக்கு அந்த நேரம் வர ஜூன் ஆகிவிடுகிறது. அதே நேரத்தில்தான் வடக்கே மலைகளில் உருகிய பனி எல்லாம் லோகென் ஆறு வழியாக ஏரிக்குள் கொட்டுகிறது. ஊரில் எல்லாரும் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஏரி மட்டும் இன்னும் வசந்தத்திலேயே இருக்கும்.

ஜூன் நடுவில் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் 10 முதல் 13 டிகிரி கிடைக்கும். நீங்கள் வரும் வாரத்தில் நல்ல வெயில் அடித்தால் கரையோரம் 15, 16 இருக்கலாம். ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும் 17 முதல் 20. செப்டம்பரில் மெதுவாகத்தான் இறங்கும், பெரிய ஏரி சூடாக நேரம் எடுப்பது போலவே ஆறவும் நேரம் எடுக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரம் ஜூன் கடைசியை விட எவ்வளவோ மேல். அதற்குப் பிறகு குளிர்நீர்ப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

அப்புறம் காற்று. இதைத்தான் வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கோடையில் மேலே இருக்கும் சூடான தண்ணீர் சில மீட்டர் கனமுள்ள அடுக்குதான். காய்ச்சிய பாலில் ஊதினால் ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்குமே, அதேபோல் பலத்த காற்று இந்த அடுக்கை ஏரியின் ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். காலியான பக்கத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எழுந்து வரும். நேற்று 18 டிகிரி இருந்த இடத்தில் இன்று 11. வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று, எல்லாம் நேற்று போலவே இருக்கும். காலை வைத்தால்தான் தெரியும். இரவு முழுக்கக் காற்று அடித்திருந்தால், அதிலும் கரையிலிருந்து ஏரியைப் பார்த்து அடித்திருந்தால், பிள்ளைகளை விடுவதற்கு முன் நீங்கள் இடுப்பளவு இறங்கிப் பாருங்கள்.

யுர் என்ற வானிலைச் செயலியில் குளிக்குமிடங்களின் நீர் வெப்பநிலை வரும், நார்வேயில் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அளந்த நேரமும் போட்டிருக்கும். எண்ணை விட அந்த நேரத்தை முதலில் பாருங்கள். நேற்று மாலை அளந்தது என்றால், இடையில் காற்று அடித்ததா என்று யோசிக்க வேண்டும். நான் ஒரு சின்ன வெப்பமானியைக் கயிற்றில் கட்டிப் படகுத்துறையிலிருந்து இறக்குவேன். அமைதியான ஜூலை நாளில் முழங்கை ஆழத்தில் 19 காட்டும். கயிறு முழுவதையும் விட்டுச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் 12. நீந்தும்போதும் இது தெரியும்: மல்லாந்து மிதக்கையில் இதமாக இருக்கும், நிமிர்ந்து நின்று காலைத் தொங்கவிட்டால் பாதம் சில்லிட்டுப் போகும்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குதித்த முதல் நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். அதனால் படகுத்துறையிலிருந்து குதிக்கவே விடாதீர்கள். நடந்து இறங்கி, முகத்திலும் மார்பிலும் தண்ணீர் தெளித்து, மூச்சு சீரான பிறகு நீந்தலாம். நீந்துவதும் கரையை ஒட்டியே இருக்கட்டும், ஏரிக்குள் நேராகப் போக வேண்டாம். பிள்ளைகளின் உடல் பெரியவர்களை விட வேகமாகச் சூட்டை இழக்கும். உதடு நீலம் பாரிப்பதற்குள் வெளியே கூப்பிட்டுவிடுங்கள், ஐந்து, பத்து நிமிடம் போதும். கரையேறிய பிறகும் உடல் இன்னும் கொஞ்சம் குளிரும். உடனே ஈரத்துணியை மாற்றி, கம்பளித் தொப்பி போட்டு, ஃபிளாஸ்க்கில் சூடான பானம் எதையாவது கொடுங்கள். நடுக்கோடைதானே என்று தொப்பியை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஹாமரில் கோய்கென் என்ற இடத்தில் மணல்கரை இருக்கிறது, ஊர் நடுவிலிருந்து நடந்தே போகலாம், பிள்ளைகளுக்கு அதுவே வசதி. மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், பகல் வெயில் முழுக்க வாங்கிய தண்ணீர் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை. படகோ கனூவோ எடுத்தால் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். 8 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் பெரியவர்களுக்கும் சேர்த்து 2015 முதல் சட்டமே அப்படித்தான்.

ஆஸ்லோவிலும் ஓரிரு நாள் இருப்பீர்கள் என்றால் குளியலை அங்கே வைத்துக்கொள்ளலாம். சுரங்க ரயிலின் 5-ஆம் எண் வழித்தடத்தில் கடைசி நிறுத்தம் சொங்ஸ்வான் ஏரி. சுற்றி நடந்தால் மூன்று கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான் அளவு. காட்டு மண்ணின் சாறு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாக இருக்கும். அது அழுக்கு இல்லை, அந்தக் கருமையே வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். ஜூன் கடைசியில் வெயில் நிலைத்தால் அங்கே 18, 20 டிகிரி சாதாரணம். அடி கண்ணுக்குத் தெரியாது என்பதால் தலைகீழாகப் பாய மட்டும் வேண்டாம். ஆஸ்லோவிலேயே மாரிடால்ஸ்வான் என்று இன்னொரு அழகான ஏரி உண்டு. அது நகரத்தின் குடிநீர் ஏரி, குளிக்கத் தடை. வரைபடத்தில் பார்த்துவிட்டு அங்கே துண்டோடு போய் நிற்காதீர்கள்.