சிவிக்கின் றிம் கொரோலாவில் ஏறுமா?

தம்பி, 2016 ரொயோட்டா கொரோலா எல்.ஈ. ஒன்றைச் செகண்ட் ஹாண்டாக வாங்கியிருக்கிறீர்கள். வேலையிடத்தில் ஒருவர் தன் ஹொண்டா சிவிக்கில் இருந்து கழற்றிய 18 அங்குலக் கறுப்பு அலோய் றிம் நான்கை, 225/40 ரயரோடு சேர்த்து 500 டொலருக்குத் தருகிறாராம். "உயரம் ஒன்றுதான், அப்படியே ஏறும்" என்கிறாராம். வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். ஏறாது.

அவர் பொய் சொல்லவில்லை, பாதிக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காரில் 205/55ஆர்16 என்று போட்டிருக்கும். 205 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். அதில் 55 வீதம் பக்கச்சுவரின் உயரம், கிட்டத்தட்ட 113. மேலும் கீழுமாக இரண்டு முறை அதைக் கூட்டி, 16 அங்குல றிம்மின் 406-ஐச் சேர்த்தால் முழு உயரம் 632 வரும். அவருடைய 225/40ஆர்18-ஐயும் இதேபோல் போட்டுப் பாருங்கள், 637. ஐந்து மில்லிமீற்றர்தான் வித்தியாசம். மூன்று வீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீற்றர் பெரிதாகப் பிசகாது. இதுவரை அவர் சொன்னது சரி.

மற்றப் பாதி போல்ட் துளைகளில் இருக்கிறது. இரண்டு காருக்கும் ஐந்து போல்ட்தான். ஆனால் கொரோலாவில் அவை 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நிற்கின்றன, சிவிக்கில் 114.3. நடுத்துளை கொரோலாவுக்கு 54.1, சிவிக்குக்கு 64.1. நடுத்துளை பெரிதென்றால் ஒரு வளையம் போட்டுச் சமாளிக்கலாம். போல்ட் வட்டத்துக்கு அடப்டர்தான் வழி, அதாவது காருக்கும் றிம்முக்கும் நடுவில் பூட்டும் ஒரு உலோகத் தட்டு. அதைப் பூட்டினால் சில்லு வெளியே தள்ளி நின்று மட்காட்டில் உரசப் பார்க்கும். றிம்மின் உட்பக்கத்தில் ஈ.ரி. என்று ஒரு எண் இருக்கும், ஒப்செற் என்பார்கள். அது குறையக் குறையச் சில்லு வெளியே வரும், கூடினால் உள்ளே போய் ஸ்பிரிங் பக்கம் முட்டும். எந்த றிம் பார்த்தாலும் அந்த எண்ணையும் கேளுங்கள்.

சரி, துளை பொருந்தினாலும் நான் 18-க்கு ஆசைப்படச் சொல்லமாட்டேன். கனடா வந்த புதிதில் நானும் மெல்லிய ரயர் போட்டு ஓடியவன். மார்ச் மாதம், பனி கரைந்து றோட்டெல்லாம் கிடங்கு. ரொறொன்ரோவின் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் இரவு வேலை முடிந்து வரும்போது தண்ணீர் நிரம்பிய கிடங்கொன்று கண்ணில் படவில்லை. சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் ரயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு புடைப்பு, றிம்மின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. புடைத்த ரயரை ஒட்ட முடியாது, எறியத்தான் வேண்டும். 225/40-இல் பக்கச்சுவர் வெறும் 90 மில்லிமீற்றர். அந்த இறப்பர்தானே அடியைத் தாங்க வேண்டும்?

இப்போது உங்கள் கையில் ஒரு செற்றுக்குத்தான் காசு என்றால் அதை வின்ரர் ரயருக்குப் போடுங்கள். உங்கள் கேள்வியில் அந்தப் பேச்சே இல்லாததுதான் எனக்குக் கவலை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே சம்மர் ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும், பனி விழவேண்டும் என்றில்லை. ஒன்ராறியோவில் 2016-இல் இருந்து வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அளவு? 195/65ஆர்15. உயரம் 634.5, உங்கள் காருக்கு நன்றாகப் பொருந்தும். 15 அங்குல இரும்பு றிம் மலிவு, ஒடுக்கமான ரயர் பனியை வெட்டிக்கொண்டு போகும், பக்கச்சுவரும் 127 மில்லிமீற்றர். தனி றிம்மில் பூட்டி வைத்தால் வருடத்துக்கு இரண்டு தரம் ரயர் கழற்றி ஏற்றும் கூலியும் மிச்சம். றிம் பழையதென்றாலும் பரவாயில்லை. ரயர் பழையதென்றால் பக்கத்தில் டொட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. மலையும் பனிச்செதிலும் சேர்ந்த அடையாளம் இருக்க வேண்டும், ரயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமை எண் உங்கள் காருக்குச் சொன்னதைவிடக் குறையக்கூடாது. நான்கும் மாற்றுங்கள், முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் வீசிவிடும். ஒக்ரோபரிலேயே பூட்டுங்கள், முதல் பனி விழுந்த பிறகு கராஜில் இடமே கிடைக்காது. பூட்டி 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை 103 நியூட்டன் மீற்றருக்கு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

வடிவான றிம் ஆசை அடுத்த சம்மரிலும் இருந்தால், அதே தலைமுறைக் கொரோலா எஸ் மொடலின் 17 அங்குல றிம்மைத் தேடுங்கள். 215/45 ரயர், துளையும் ஒப்செற்றும் ரொயோட்டாவே பார்த்துப் போட்டது. விற்பவரிடம் நட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ரொயோட்டா அலோய் சிலவற்றுக்குத் தட்டை வளையம் வைத்த நட்டு, அப்படியானால் உங்கள் இரும்பு றிம்மின் கூம்பு நட்டு அதில் சரியாக அமராது.