நிலத்து நஞ்சு சோற்றுக்கு வரும் வழி

கேள்வி: பயிர் செழிப்பாக இருந்தால் விளைச்சலை அச்சமின்றி உண்ணலாம் அல்லவா?

பதில்: துத்தநாகமோ செம்போ மண்ணில் மிகுந்தால், உண்பவரைத் தாக்கும் அளவை எட்டுமுன் பெரும்பாலும் பயிரே வெளிறி வாடிவிடும். காட்மியம் என்ற நச்சு உலோகம் அப்படியல்ல, பயிரில் எந்தக் குறியும் தெரியாத நிலையிலேயே மணியில் சேர்ந்துவிடும். ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில், காமியோகா சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீரில் விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, எலும்புகள் மென்மையாகி முறிந்தன. ‘இதாய்-இதாய்’ எனப்படும் அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அரசு 1968இல்தான் ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும்.

கேள்வி: தேவையற்ற நஞ்சை வேர் ஏன் உள்ளே விடுகிறது?

பதில்: சத்துக்களைக் கடத்தும் புரதங்களால் ஒத்த தன்மையுள்ள நஞ்சை முற்றிலும் பிரித்தறிய முடிவதில்லை. நெல்லில் மாங்கனீசு செல்லும் வழியில் காட்மியமும், சிலிக்கான் செல்லும் வழியில் ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமமும் நுழைகின்றன.

கேள்வி: நெல்வயலில் நீரைத் தேக்குவது நல்லதா, வடிப்பது நல்லதா?

பதில்: எந்த நஞ்சு என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. தேங்கிய நீரின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருந்த இரும்பு ஆக்சைடுகள் கரைந்து அதை விடுவிக்கின்றன. அதே சூழலில் காட்மியம் கந்தகத்துடன் சேர்ந்து, கரையாத சல்பைடாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வயலை வடித்தால் இரண்டும் தலைகீழாகும். எனவே, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது ஆர்செனிக் மிகுந்த நிலத்துக்கு நன்மையாகவும், காட்மியம் மிகுந்த நிலத்துக்குத் தீமையாகவும் முடியக்கூடும். ஜப்பானில் காட்மியம் படிந்த வயல்களில் கதிர் வெளிவரும் பருவத்தை ஒட்டி நீரைத் தேக்கி வைப்பதும் இதனால்தான். அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இடுவதும் காட்மிய உறிஞ்சலைக் குறைக்கும். நீர் சிக்கனத்தை மட்டும் பார்த்துக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைப் பரிந்துரைப்போர், மாசுபட்ட பகுதிகளிலாவது முதலில் மண்ணைச் சோதிப்பது நல்லது.

கேள்வி: சாலையோர நிலத்தில் கீரை பயிரிடலாமா?

பதில்: தவிர்ப்பதே நல்லது. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும் என்றாலும், இலைமேல் படியும் தூசி வழியே அது தட்டுக்கு வருகிறது. நன்கு கழுவினால் தூசி போகும். இலைக்குள் சென்ற காட்மியம் போகாது.

கேள்வி: சமைக்கும் முறையால் அரிசியின் ஆர்செனிக்கைக் குறைக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி கஞ்சியோடு வெளியேறும். குக்கரில் நீர் முழுவதையும் வற்றவிட்டால் அது சோற்றிலேயே நிற்கும். வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டாலும் பயனில்லை. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் பல ஊர்களில் உள்ளதுபோல் சமைக்கும் நிலத்தடி நீரிலேயே ஆர்செனிக் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்த நீரைத்தான்.