என் பான், ஆதார் நகலை வைத்து வேறொருவர் கடன் வாங்க முடியுமா?

முடியும். விடுதியிலும் சிம் கடையிலும் யோசிக்காமல் கொடுக்கிறோமே, அந்த நகலிலிருந்தே தொடங்கலாம். அதோடு ஓடிபியும் ஏமாற்றி வாங்கிவிட்டால், கடன் செயலியில் உங்கள் பெயரில் பணம் எடுத்துவிடுவார்கள். வசூல் அழைப்பு வரும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை, அதுதான் கொடுமை.

அதனால் உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையைப் பார்ப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், சிபிலிலும் கடன் கொடுத்த நிறுவனத்திலும் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். போலீஸ் புகார் நகலையும் இணையுங்கள்.

அப்புறம், நகல் கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். கைரேகையை ஆதார் தளத்திலேயே பூட்டி வைக்கலாம். உங்கள் பெயரில் உள்ள சிம்களை அரசின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.