பாட்டிக்கு எட்டு வயதுப் பேரன் காவலா?

கேள்வி:

அன்புள்ள அம்மா, நாங்கள் நைரோபியில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே வேலை. எட்டு வயதில் ஒரு பையன். என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. அடுத்த வாரம் எங்கள் பத்தாவது திருமண நாள். அதற்காக நைவாஷா ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட்டில் மூன்று இரவுகளுக்குக் கணவர் புக் செய்திருக்கிறார். அங்கே வேலி கிடையாது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் அறை வாசலிலேயே மேயும், ராத்திரியில் நீர்யானைகூட புல்வெளிக்கு வரும் என்கிறார்கள். என் தோழி, “குழந்தையை வைத்துக்கொண்டு போகாதே” என்கிறாள். கணவரோ, “வருஷம் முழுக்க ஜனங்கள் வந்து தங்கும் இடம், காவலுக்கு ஆள் இருக்கிறது, நீ சும்மா பயப்படாதே” என்று சிரிக்கிறார். போகலாமா, வேண்டாமா? என் மனசு சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு காட்டேஜ், அத்தைக்கு ஏரியைப் பார்த்த மாதிரி கொஞ்சம் தள்ளி இன்னொரு காட்டேஜ் கிடைத்திருக்கிறது. அத்தைக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் மிஷின், அதையும் தூங்கும்போது கழற்றிவிடுவார். அதனால் துணைக்குப் பையனை அவரோடு படுக்கவைக்கப் போகிறோம். முறுக்கு, அதிரசம் எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார், அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நைரோபி

பதில்:

போகலாமா வேண்டாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். மனசு சமாதானமாகிற மாதிரி ஒரு வார்த்தை கேட்டீர்கள், அது என்னிடம் இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இரவில் காது மிஷினைக் கழற்றிவிடும் அத்தைக்கு எட்டு வயதுப் பையன் துணை என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

யாருக்கு யார் காவல் அம்மா? பையனுக்குப் பாட்டியா, பாட்டிக்குப் பையனா? பாட்டிக்குக் காது கேட்காது, பையனுக்கு விவரம் தெரியாது. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து, நீங்கள் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், ஏரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். வேலியில்லாத ரிசார்ட்டில் நீர்யானை வருமா என்று உங்கள் தோழிக்கு வந்த பயம் நியாயமானது. ஆனால் அவருக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார்.

நீர்யானையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வண்டலூரில் தண்ணீருக்குமேல் மூக்கையும் காதையும் மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும் மிருகத்தை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். நைவாஷாவிலும் பகல் முழுக்க அப்படித்தான் கிடக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருஷம் பூராவும் அங்கே ஆறரை மணி வாக்கில் சூரியன் மறையும், ஏழுக்கெல்லாம் நல்ல இருட்டு. அந்த நேரத்தில் நீர்யானைகள் கரையேறும். ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரும், வளர்ந்த ஆண் அதற்கும் மேலே. ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும். ரிசார்ட்டின் வெட்டிவிட்ட புல்வெளி அதற்குப் பிடித்த இடம். அந்த உடம்போடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், உங்கள் கணவரால் ஓடித் தப்ப முடியாது. மாமிசம் தேடி அது வருவதில்லை. தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏதாவது நின்றால், அல்லது குட்டி கூட இருந்தால், பெரும்பாலும் அப்போதுதான் பாயும். 2018 ஆகஸ்டில் இதே நைவாஷாவில் தைவானிலிருந்து வந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் நீர்யானையைப் படம் எடுக்க நெருங்கிப் போய் அடிபட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். அவர்களும் “காவலுக்கு ஆள் இருக்கிறது” என்ற ஊரில் தங்கியவர்கள்தான்.

இனி உங்கள் அத்தையின் காட்டேஜுக்கு வருவோம். ராத்திரி நீர்யானை மேயும்போது சத்தம் வரும். அகன்ற உதட்டால் புல்லைக் கொத்தாகப் பற்றிப் பிடுங்கும் சத்தம் சுவருக்கு உள்ளே இருப்பவருக்குக்கூட நன்றாகக் கேட்கும். அங்கே தங்கியவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்: அந்தச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதே. உங்கள் அத்தைக்கு அது கேட்காது. மிஷின் மேசைமேல் இருக்கும்.

கும்பகோணத்தில் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அந்த வயதுப் பெண்மணி ஐந்து மணிக்கு மேல் படுத்திருக்க மாட்டார். இந்தியாவைவிடக் கென்யா இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் ஐந்து என்றால் அங்கே இரண்டரை. ஒரு வாரத்தில் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும், ஆனாலும் நாலு, நாலரைக்குக் கண் விழித்துவிடும். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். புது இடத்தில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? பேரன் தூங்குகிறான், விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வான் என்று மெல்லக் கதவைத் திறந்து திண்ணையில் போய் உட்காருவார். மேய்ந்து முடித்த நீர்யானைகள் ஏரிக்குத் திரும்புகிற நேரம் அது. அவர் உட்கார்ந்திருப்பது ஏரியைப் பார்த்த காட்டேஜின் திண்ணை. ஒரு வேளை காவலாள் தூரத்திலிருந்து பார்த்துக் கத்தினாலும் இவர் காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் பையன் விழித்து, பாட்டியைக் காணோமே என்று தூக்கக் கலக்கத்தோடு வெளியே வருவான்.

அந்த ஏரிக்கரையும் முன்பிருந்த இடத்தில் இல்லை. 2020 வாக்கில், நைவாஷா இருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏரிகளில் நீர்மட்டம் மிகவும் ஏறியது. நைவாஷாவில் கரையோர ஓட்டல்களின் புல்வெளிக்குள் தண்ணீர் புகுந்தது. ரிசார்ட் படத்தில் நீங்கள் பார்த்த இடைவெளியை நம்ப வேண்டாம். தண்ணீர் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். ஊர் மாறும், விஷயம் மாறாது. பெற்றவர்களைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று கிளம்புவார்கள். போன இடத்தில் பெரியவர்களிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம், அம்மா எதிலும் சந்தோஷப்படவில்லை என்று எனக்குக் கடிதம் வரும். உங்கள் கடிதத்தில் தோழி சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. அத்தை என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி நீர்யானை வரும் என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். சொன்னால் பயப்படுவார், வரமாட்டேன் என்பார், திட்டம் கெட்டுவிடும் என்று விட்டிருப்பீர்கள். ஒருவரை ஆபத்து இருக்கிற இடத்துக்கு அழைத்துப் போகும்போது அதை அவரிடம் மறைப்பது தவறு. வயதானவர் என்பதால் அது சரியாகிவிடாது.

திருமண நாளுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. பத்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு அது வேண்டும். அப்படியானால் நேராக அதைச் செய்யுங்கள். அத்தையையும் பையனையும் நைரோபி வீட்டில், நம்பிக்கையான யாரையாவது துணைக்கு வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் ஓர் இரவு போய் வாருங்கள். தொண்ணூறு கிலோமீட்டர்தான், மறுநாள் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம். அதில் யாருக்கும் மனக்குறை வராது. அதை விட்டு, எல்லோரையும் அழைத்துப் போனோம் என்ற பெயரும் வேண்டும், தனிமையும் வேண்டும் என்று இருவரையும் ஏரிக்கரைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. கணவர் புக் செய்தார் என்று எழுதிவிட்டால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. பையனை எங்கே படுக்கவைப்பது என்று முடிவு செய்ததில் நீங்களும் உண்டு, “படுக்கவைக்கப் போகிறோம்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

நாலு பேருமாகத்தான் போகவேண்டும் என்றால் போகலாம். பயந்து ரத்துசெய்யச் சொல்ல மாட்டேன். ஜாக்கிரதையாகத் தங்கி, காலம் முழுக்க நினைத்துச் சந்தோஷப்படுகிற குடும்பங்கள் உண்டு. ஆனால் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் படுக்கவேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள குடும்பக் காட்டேஜ் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும், போன் செய்து மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏரியிலிருந்து எவ்வளவுக்கெவ்வளவு தள்ளியோ அவ்வளவுக்கு நல்லது. காசு கூட ஆனால் மூன்று இரவை இரண்டாகக் குறையுங்கள். அதுவும் கிடைக்காமல் இரண்டு தனிக் காட்டேஜ்தான் என்றால், அத்தையின் அறையில் அவருடைய மகன் படுக்கட்டும், பையன் உங்களோடு படுக்கட்டும். பெற்ற மகன் கூட வந்திருக்கும்போது பேரன் எதற்குக் காவல் இருக்கவேண்டும்? உங்கள் கணவருக்கு இது பிடிக்காமல் போகலாம். இந்த வரியை அவரிடம் காட்டுங்கள்.

அங்கே காவலாளை அஸ்காரி என்பார்கள். இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக, திரும்பி வர, அவர் கூட வராமல் ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது. இருபது அடிதானே என்ற பேச்சே வேண்டாம். அறை போனிலிருந்து கூப்பிட்டால் டார்ச்சோடு வருவார். போய்ச் சேர்ந்த அன்றே வெளிச்சம் இருக்கும்போது அவரைக் கூப்பிட்டு, அத்தையை முன்னால் நிறுத்தி, இவருக்குக் காது கேட்காது என்று சொல்லுங்கள். கையைத் தூக்கினால் நிற்கவேண்டும், டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் திரும்பவேண்டும் என்று மூவருமாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நீங்களோ உங்கள் கணவரோ அத்தையின் இடது பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள், மிஷின் இருக்கிற காது அதுதான். பையனுக்கு “சிமாமா” என்ற சுவாஹிலி வார்த்தையைச் சொல்லிக்கொடுங்கள். நில் என்று அர்த்தம். சில வருஷமாக நைரோபியில் இருக்கிற பிள்ளையானால் அவனுக்கே தெரிந்திருக்கும். அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும், ஓடக்கூடாது என்று வீட்டுக் கூடத்திலேயே நாலு தடவை பழக்குங்கள்.

பல ரிசார்ட்டுகளில் நுழையும்போதே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மிருகங்கள் சுதந்திரமாகத் திரிகிற இடம், உங்கள் பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு என்ற மாதிரி இருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போடாமல், உங்கள் கணவர் அதைத் தன் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும்.

அப்புறம் அந்த முறுக்கும் அதிரசமும். நைவாஷா முழுக்கக் குரங்குகள். கறுத்த முகமுள்ள சின்னக் குரங்குகள் திறந்த ஜன்னல் வழியாக வந்து பையைப் பிரித்துத் தின்றுவிட்டுப் போகும். பாட்டியும் பேரனும் பலகாரத் தூக்கோடு உட்கார்ந்திருக்கும் அறைக்கு அவை வராமல் இருக்காது. வந்தால் பையன் ஒன்றைத் தூக்கிப் போடுவான், நீங்கள் அதை வீடியோ எடுப்பீர்கள். வேண்டாம். ஒரு தடவை மனிதன் கையிலிருந்து தின்று பழகிய குரங்கு அடுத்து வருகிற குழந்தையின் கையைக் கடிக்கும். பலகாரத்தை இறுக்கி மூடி அலமாரிக்குள் வையுங்கள், திண்ணையில் உட்கார்ந்து தின்னவேண்டாம். ஒட்டகச்சிவிங்கியும் சாதுவாகத்தான் தெரியும். உதைத்தால் சிங்கமே செத்துப்போகும். பையனைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

பகலில் அத்தையைக் கிரசென்ட் தீவுக்கு அழைத்துப் போங்கள். சிங்கம் மாதிரி பெரிய வேட்டை மிருகம் இல்லாத இடம் என்பதால் வழிகாட்டியோடு நடந்தே போகலாம், வரிக்குதிரைக் கூட்டமும் ஒட்டகச்சிவிங்கிகளும் கண்ணெதிரே மேயும். கரையோரப் புதர்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். படகில் ஏறும்போது எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். திரும்பி வந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, மஞ்சள் மரப்பட்டை கொண்ட அந்த அக்கேசியா மரங்களுக்கு அடியில் நாற்காலி போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். மிஷின் காதில் இருக்கட்டும். பத்து வருஷத்தில் அவரோடு நீங்கள் அப்படி எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

முதலில் இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், மிஷினைக் கழற்றுவதற்கு முன்னால், அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீர்யானை வரும், வேலி இல்லை, இருட்டில் வெளியே வரக்கூடாது, வர விருப்பமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். வருகிறேன் என்றால், நாளைக் காலையில் ரிசார்ட்டுக்குப் போன் செய்து காட்டேஜை மாற்றுங்கள். மாற்ற முடியாது என்று சொல்லி, உங்கள் கணவரும் அத்தையோடு படுக்க மாட்டேன் என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.